நாலுன்னா ரெண்டு

புதுப் பூச்சிமருந்து பழசைப்போல நாலு மடங்கு வீரியம், பழைய அளவில் கால் பங்கு கலந்தாலே போதும் என்று கருமத்தம்பட்டிக் கடைக்காரன் சொன்னபோதே தம்பிதுரை சிரித்துவிட்டார். சந்தையில் நாலு என்பவனிடம் ரெண்டுக்குக் கேட்டே வளர்ந்த வாய் அது. போன வருசம் பருத்தியைப் புழு மொட்டையடித்த எரிச்சல் வேறு. காலையில் தோட்டத்தில் நின்று பண்ணையாள் பிரான்சிஸிடம், "பாதி ஊத்து" என்றார்.

"கடைக்காரரு கால்னாருங்களே, பண்ணாடி?"

"அவன் நாலுன்னா ரெண்டுதாண்டா. ஊத்து."

"வாசமே ஆளைத் தூக்குதுங்க."

"கள்ளு வாசத்துக்கு மட்டும் நல்லா நிப்பியே!"

பிரான்சிஸ் சிரித்தான். மூக்கில் துண்டைக் கட்டி, மருந்தடிக்கிற மோட்டாரை முதுகில் ஏற்றிக்கொண்டு பருத்திக்குள் இறங்கினான்.

வெயில் ஏறியதும் லோகப்பிரியா மொபெட்டில் வந்தாள். விவசாயக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறவள். இந்தத் தோட்டத்துப் புழுக்களையே பிடித்துப் போய், சிலதுக்குப் பழைய மருந்தும் சிலதுக்குப் புதுசும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுத்து, செத்ததை எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணித்தான் தெரிய வேண்டுமா, செத்தால் செத்தது என்பது தம்பிதுரையின் கட்சி.

வாய்க்கால் மண்ணில் குச்சியால் பழசுக்கு ஒன்று, புதுசுக்கு ஒன்று என ரெண்டு கோடு கிழித்தாள்.

"மருந்து ஏற ஏற சாவும் ஏறுதுங்கய்யா. ரெண்டு கோடும் தண்டவாளமாட்டப் போனா, இத்தனை மடங்குன்னு ஒரே பேச்சாச் சொல்லிப்போடலாம். புதுசு அப்படிப் போகலீங்க. கொஞ்சமா ஊத்துனா ரெண்டு மடங்குகூட இல்லை. கூட்டக் கூட்ட செங்குத்தா எந்திரிக்குது. நாலுங்கிறது நடுவுல ஒரு எடத்துக்குத்தான்."

"ரெண்டுன்னு நானும் அதையேதான் சொன்னேன், அம்மணி!"

"எவ்வளவுங்க ஊத்துனீங்க?"

"பாதி."

குச்சி நின்றது. "அது கோட்டுல ரொம்ப மேலயாச்சுங்களே."

"சாவட்டுமே. அதுக்குத்தானே அடிக்கறது."

"இது புழுவுக்குப் போட்ட கோடுங்கய்யா. மனுசனுக்கு யாரு போட்டுப் பாத்தா?"

படித்தவர்கள் பயமுறுத்தத்தான் செய்வார்கள் என்று அவருக்குத் தெரியும். இருந்தும் பருத்திப் பக்கம் திரும்பினார். மோட்டார் சத்தம் சீராக வந்துகொண்டிருந்தது.

"ஓடுது பாரு. அவனுக்கென்ன" என்றார்.

பருத்தி இடுப்புக்குமேல் இல்லை. தலை தெரிந்திருக்க வேண்டும்.

"ஏப்பா பிரான்சிஸ்!"

சாலோடு நகர்ந்து போக வேண்டிய மருந்துப் புகை, நடுத் தோட்டத்தில் ஒரே இடத்திலிருந்து வெள்ளையாக மேலே எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே மட்டும் செடிகள் சாய்ந்து, இலைகள் சொட்டிக்கொண்டிருந்தன.