இரு பக்கத்துப் பூனைகள்

நஃபீசாவின் பூனைகளுக்கு ருகையாவின் பூனைகள் கண்ணுக்குத் தெரியாமல் போனது, காயல்பட்டினத்தில் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்கத் தொடங்கிய வருஷம், அதாவது எழுபத்து மூன்றில். ஒரு புதன்கிழமை காலையில் நஃபீசாவின் சாம்பல் பெட்டை ருகையாவின் வெள்ளைக் கடுவன் மேல் முட்டிக்கொண்டு, எதில் முட்டினோம் என்று தெரியாமல் கிணற்றடியில் முழித்துக்கொண்டு நின்றது. கடுவனும் அதே முழி முழித்தது. மண்ணெண்ணெய் அன்றைக்கும் கிடைக்கவில்லை.

அந்த ஊரில் பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பிவிடுவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார், வீடும் மகள்களுக்குத்தான். அக்கா தங்கை என்றால் ஒரே கூரையின் கீழ் பிறந்து, அதே கூரையின் கீழ் பிள்ளை பெற்று, அதே கூரையின் கீழ் சாக வேண்டியதுதான். நஃபீசாவும் ருகையாவும் அப்படித்தான் அந்தப் பெரிய வீட்டில் இருந்தார்கள். அவர்களுடைய உம்மா மௌத்தாவதற்கு முன்பே வீட்டைப் பிரித்துக் கொடுத்திருந்தாள். கிழக்குப் பக்கம் மூத்தவளுக்கு, மேற்குப் பக்கம் இளையவளுக்கு, நடுவில் முற்றமும் கிணறும் பொது. செம்புப் பானை, ஊஞ்சல், பத்தாயம் எல்லாம் பங்கு போட்டாயிற்று. பூனைகளைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்த பூனையை விரட்டுவது பாவம் என்று நினைக்கும் குடும்பம் அது. எப்போதும் இருபதுக்குக் குறையாமல் இருந்தன. உம்மா இருந்தவரை அவற்றுக்குள் ஒரு சீறல் கிடையாது. சாயங்காலமானால் அவள் ஒரு பழைய ஈரத் துண்டை எடுத்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பிடித்து அதே துண்டால் துடைத்துவிடுவாள். துண்டை அலசக்கூட மாட்டாள். கிழவிக்கு வேறு வேலை இல்லை என்று மகள்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள். அவள் போன பிறகு அந்தத் துண்டை அடுப்படிக் கரித்துணி ஆக்கினார்கள்.

அதற்குப் பிறகு பூனைகளும் பிரிந்தன. கிழக்குப் பக்கம் சோறு தின்றவை நஃபீசாவின் பூனைகள், மேற்குப் பக்கம் தின்றவை ருகையாவின் பூனைகள். கிணற்றடியில் எந்நேரமும் ரோமம் பறந்தது. ருகையாவைக் கட்டிய மாப்பிள்ளை ஈஸா தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல் சரக்கு இறக்கும் கணக்கப்பிள்ளையாக இருந்தார். மாலத்தீவுத் தோணி ஒன்றிலிருந்து குதித்த அந்த வெள்ளைக் கடுவனை அவர்தான் கோணிப்பையில் கட்டிக் கொண்டுவந்தார். பேர் கப்பல்காரன். நஃபீசாவின் சாம்பல் பெட்டைக்கு மாசி என்று பேர். குட்டியிலேயே மாசிக்கருவாட்டுச் சட்டிக்குள் படுத்துக் கிடந்ததால் வந்த பேர். அந்த வருஷம் மாசி போட்ட குட்டிகள் அத்தனையையும் கப்பல்காரன் கடித்துக் கொன்றது. கடுவன் செய்கிற காரியம்தான். ஆனால் நஃபீசா அடுப்பிலிருந்த கஞ்சியை அப்படியே தூக்கி அதன் முகத்தில் ஊற்றினாள். ஒரு கண் போயிற்று. ருகையா முற்றத்துக்கு ஓடிவந்து பார்த்தாள். நஃபீசா செத்த குட்டிகளை மடியில் போட்டுக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"பெத்தவ அழுதா அர்த்தம் இருக்கு," என்றாள் ருகையா. "நீ எதுக்கு அழுத?"

நஃபீசாவுக்குப் பிள்ளை கிடையாது. இரண்டு பேருக்குமே நல்ல குணம் என்று எழுத ஆசைதான், ஆனால் பொய் எழுதக் கூடாது. அந்த ஒரு வார்த்தைக்கு ருகையாவின் நாக்கு அழுகியிருக்க வேண்டும். அழுகவில்லை. அதற்குப் பதிலாகத்தான் அந்தப் புதன்கிழமை வந்தது. ஒரு பக்கத்துப் பூனைக்கு மறு பக்கத்துப் பூனை தெரியவில்லை, வாடை தெரியவில்லை, சத்தமும் கேட்கவில்லை. சண்டை நின்றது. இத்தனை பூனை இருந்தும் இப்படி ஓர் அமைதியா என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் முடுக்குச் சந்து வழியாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நோன்பு மாதம் பிறப்பதற்குள் அந்த அமைதி சகோதரிகளுக்கும் தொற்றியது. ஒரு காலை நஃபீசா எழுந்து முற்றத்துக்கு வந்தாள். கிணற்று வாளி தானே இறங்கித் தானே ஏறியது. ருகையா அங்கேதான் நின்று தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள் என்பது அவள் காறித் துப்பிய பிறகுதான் தெரிந்தது. பூனைகளுக்குப் போனதுபோல மனிதர்களுக்குக் காது போகவில்லை, வாயும் மிஞ்சியது. எதிரில் ஆள் தெரியாவிட்டால் திட்டுவதற்கு இன்னும் வசதி என்பதை இரண்டு பேரும் சீக்கிரமே கண்டுகொண்டார்கள்.

மாப்பிள்ளைமார் பெண்டாட்டி பக்கம் சேர்ந்தவர்கள், அதனால் அவர்களுக்கும் அதே கதிதான். நஃபீசாவின் மாப்பிள்ளை ஜக்கரிய்யாவுக்குக் கொழும்பில் கடை. வருஷத்துக்கு ஒரு தடவை வந்தால், முற்றத்தில் ஈஸா மேல் மோதிக்கொண்டு, "மன்னிக்கணும் மச்சான், கவனிக்கல," என்பார். "பரவாயில்ல மச்சான்," என்று காற்றிலிருந்து பதில் வரும். அவர்களுக்குள் ஒரு பகையும் இல்லை. வெளியாட்களுக்கு எல்லாரும் தெரிந்தார்கள். ஊரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த நேரத்தில் புதுத் துறைமுகம் திறக்கப் போகிறார்கள் என்ற பேச்சுத்தான் எங்கேயும்.

இரண்டு பக்கமும் தெரிந்தது வீட்டில் ஒருத்திக்குத்தான்: ருகையாவின் மகள் சுலைகா. பெற்றதும் ருகையா ஜன்னியில் கிடந்துவிட்டதால் அந்தப் பிள்ளையைக் குளிப்பாட்டியது, தோளில் போட்டுத் தூங்க வைத்தது எல்லாம் நஃபீசா. சுலைகா மேற்குப் பக்கம் சாப்பிட்டுவிட்டுக் கிழக்குப் பக்கம் தூங்கினாள். ருகையாவுக்கு அது வயிற்றெரிச்சல். புதுத் துறைமுகம் திறந்த மாதம், பன்னிரண்டு வயதுப் பிள்ளையைக் கிணற்றடியில் நிறுத்தி, "எனக்குப் பெரியம்மா இல்லைன்னு சொல்லு," என்றாள். பிள்ளை மாட்டேன் என்றாள். அடி விழுந்தது. சோறு நின்றது. சில நாள் பிடிவாதம் பிடித்துவிட்டு, ஒரு மத்தியானம், தண்ணீர் இறைத்தபடியே, தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். நஃபீசா எதிரில்தான் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கயிற்றைப் பிடித்திருந்த சின்னக் கைகள் அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இல்லாமல் போயின. வாளி பாதிக் கிணற்றில் தொங்கியது. களைந்த அரிசியை நஃபீசா அப்படியே சாக்கடையில் கொட்டினாள்.

அதற்குப் பிறகு அவளுக்குக் கிடைத்தது குரல் மட்டும். ஓதுகிற குரல், பாடம் ஒப்பிக்கிற குரல், யாரையோ பார்த்துச் சிரிக்கிற குரல். குரல் தடித்தது, பிறகு மெலிந்து இனிமையானது. சுலைகா பெரிய பிள்ளையானபோது ஊர்ப் பெண்கள் வந்து பூ வைத்தார்கள். நஃபீசா முற்றத்தின் இந்தப் புறம் நின்று பார்த்தாள். மல்லிகைச் சரம் ஒன்றுமில்லாத இடத்தில் வட்டமாகத் தொங்கியது. வேறு ஊராக இருந்தால் பிள்ளையைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள், தூரத்தில் இருக்கிறாள் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். இங்கே சாகிற வரைக்கும் பத்தடி தூரத்தில் இருந்துகொண்டே கண்ணில் படமாட்டாள். ஆலந்தலையிலிருந்து மீன் கொண்டுவரும் பிரகாசியம்மாள் இரண்டு பக்கமும் கூடை இறக்குவாள். நஃபீசா மீனைப் புரட்டிப் பார்க்கிற சாக்கில் அவளிடம் கேட்பாள்.

"இப்ப எம்புட்டு ஒசரம்?"

"என் காதுக்கு வாரா. மூக்கு உம்ம மூக்குதான்."

"என் மூக்கு எப்படிளா அவளுக்கு வரும்?"

"வந்திருக்குல்லா. நான் என்ன செய்ய? சாளை வேணுமா வேண்டாமா?"

எழுபத்து ஒன்பதில் சுலைகாவுக்கு நிக்காஹ் பேசினார்கள். அந்தச் செய்தியும் நஃபீசாவுக்குப் பிரகாசியம்மாள் சொல்லித்தான் தெரிந்தது. மணக்கோலத்தில் ஒரு தடவை அவளைப் பார்த்துவிட வேண்டும், அதற்குப் பிறகு இந்தக் கண் அவிந்தாலும் சரி என்று நஃபீசா வாய்விட்டே சொன்னாள். அந்த வாரம் காற்றில் ருகையாவின் கோரைப்பாய் ஒன்று பறந்து வந்து கிழக்குப் பக்கம் விழுந்தது. அதை எடுத்துத் திருப்பிப் போட நஃபீசாவுக்கு மனம் வரவில்லை. கிடக்கட்டும் என்று விட்டாள். கிழடாகிப்போன மாசி அதில் இரண்டு நாள் படுத்துத் தூங்கியது. மூன்றாம் நாள் எழுந்து கிணற்றடிக்குப் போய், ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்து முதுகைக் கூனிச் சீறியது. கொஞ்ச நேரம் சீறிவிட்டு, பிறகு கிட்டே போய் அந்த ஒன்றுமில்லாத இடத்தை நக்கத் தொடங்கியது. ஒரு பூனையின் முகம் இருக்க வேண்டிய உயரத்தில், கண் இருக்க வேண்டிய இடத்தில் நக்கியது. நஃபீசாவுக்கு உம்மாவின் அலசாத துண்டு ஞாபகம் வந்தது. ஒருத்தி வாடை ஒட்டினால் அவள் பக்கம் தெரியும், அவ்வளவுதான் சங்கதி. இதைப் புரிந்துகொள்ள ஒரு கிழட்டுப் பூனை வேண்டியிருந்ததே என்று அவளுக்கு அவள் மேலேயே ஆத்திரமாக வந்தது.

கொடியில் காய்வது எல்லாம் சோப்புப் போட்டுத் துவைத்தது, அது உதவாது. பாயிலும் இப்போது மாசியின் வாடைதான் மிஞ்சியிருந்தது. கேட்டுத்தான் ஆக வேண்டும். நஃபீசா முற்றத்தில் நின்று காற்றைப் பார்த்துச் சொன்னாள்: "ஏளா ருகையா, நீ கட்டி அவுத்த அழுக்குச் சேல ஒண்ணு தா."

"எதுக்கு? செய்வினை வைக்கவா?"

"பிள்ளையப் பாக்க."

மேற்குப் பக்கத்துக் கதவு கிறீச்சிட்டது. போய்விட்டாளோ என்று நஃபீசா நினைத்தாள். பிறகு குரல் வந்தது. "என் கடுவன் கண்ண அவிச்சல்ல. அதுக்கு மன்னிப்புக் கேளு, தாரேன்."

"உன்கிட்ட கேக்க மாட்டேன். வேணும்னா பூனைகிட்ட கேக்கேன்."

அப்படியே நடந்தது. ருகையா கப்பல்காரனைத் தூக்கிக் கிணற்றுச் சுவர் மேல் வைத்துவிட்டு, "இங்கன இருக்கு," என்றாள். நஃபீசா வெறும் கிணற்றுச் சுவரைப் பார்த்து, "தப்புத்தான். நீ மிருகம், நான் மனுசி. நான் செஞ்சிருக்கக் கூடாது," என்றாள். அவளுக்கு அழுகை வந்தது. குரல் வந்த பக்கம் திரும்பி, "அன்னைக்கு நீ சொன்ன சொல்லுக்கு நீ என்னளா சொல்லுத?" என்று கேட்டாள். காற்றிலிருந்து ஒரு சேலை வந்து நஃபீசாவின் முகத்தில் விழுந்தது. காய்ச்சலில் கட்டிக் கிடந்த சேலை, மீன் அரிந்த கையைத் துடைத்த சேலை. தேடிப் பிடித்து இருப்பதிலேயே நாறுகிறதை எடுத்துக் கொடுத்திருந்தாள். நஃபீசா குமட்டலை அடக்கிக்கொண்டு அதைக் கட்டினாள்.

கல்யாண வீட்டில் பெண்கள் கூட்டம். பட்டும் அத்தருமாக இருந்த இடத்தில் நாறுகிற சேலையோடு நுழைந்தவளுக்கு எல்லாரும் வழி விட்டார்கள். முதலில் கண்ணில் பட்டது ருகையா. தலை பாதி நரைத்து, கன்னம் ஒட்டிப் போயிருந்தாள். நன்றாக வேண்டும் என்று நஃபீசாவுக்குத் தோன்றியது, கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. பிறகு பெண்களுக்கு நடுவில் சுலைகாவைப் பார்த்தாள். மூக்கு அவளுடைய மூக்குதான், பிரகாசியம்மாள் பொய் சொல்லவில்லை. தன்னை அவளுக்கு எங்கே தெரியப் போகிறது என்று நஃபீசா கிட்டே போய், வாயைப் பொத்திக்கொண்டு, அவள் முகத்துக்கு நேரே குனிந்து பார்த்தாள். மணப்பெண் தலையை நிமிர்த்தி அவளை நேராகப் பார்த்தாள். பிறகு பாயில் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள்.

நஃபீசா உட்காரவில்லை, விழுந்தாள். சுலைகா பட்டுச் சேலையின் இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு பச்சைத் துணிக் கரையை உருவி அவள் உள்ளங்கையில் வைத்தாள். புதுத் துறைமுகம் திறந்த மாதம் அழுக்குக் கூடையிலிருந்து காணாமல் போன நஃபீசாவின் சேலையில் கிழித்தது. கறுத்து, நைந்து, எண்ணெய்ச் சிக்கோடு இருந்தது.

"எப்பளா எடுத்த?"

"அப்படிச் சொன்னேன்ல, அன்னைக்கே உங்க வாடைக்காக எடுத்தேன் பெரியம்மா. இடுப்புல சொருகினதும் நீங்க தெரிஞ்சீங்க."

"அப்போ இத்தன வருசமும்?"

"தினமும் உங்கள பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நீங்க சாப்பிடும்போது எதுத்தாப்புல வந்து இருப்பேன்."

"ஒரு வார்த்த சொல்லக் கூடாதாளா?"

"சொன்னா உம்மா இதத் தொவைச்சுப் போட்டிருப்பா."

நஃபீசாவுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஐந்து வருஷம் தனியாக உட்கார்ந்து தின்றதாக நினைத்த ஒவ்வொரு கவளமும் தொண்டைக்கு வந்தது. சுலைகாவின் கையைப் பிடித்து முழு பலத்தோடு கிள்ளினாள். பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள். கிள்ளுகிற ஆள் கண்ணுக்குத் தெரியாமலே மகள் கையில் சிவப்பாகத் தடிப்பு எழுந்ததைப் பார்த்த ருகையா, அந்தப் பக்கமிருந்து கத்தினாள்: "கிள்ளாத லாத்தா! இன்னும் போட்டோ எடுக்கல!" கூட்டம் திரும்பிப் பார்த்தது. அக்காவைக் கூப்பிடுகிற லாத்தா என்ற சொல்லை அவள் அத்தனை வருஷமும் வாயில் எடுத்ததில்லை. உடனே, "வாய் தவறிட்டு," என்று சொல்லிவிட்டு, பிரியாணிச் சட்டியைப் பார்க்கப் போய்விட்டாள்.

சகோதரிகள் சமாதானம் ஆகவில்லை. ருகையா, பெத்தவ என்று அன்றைக்குக் குத்திய சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை, நஃபீசா மறக்கவும் இல்லை. வியாழக்கிழமைதோறும் மேற்கிலிருந்து ஓர் அழுக்குச் சேலை திட்டோடு பறந்து கிழக்கே விழும். பதிலுக்கு ஒன்று வேண்டும் என்று ருகையா கேட்கவில்லை. நஃபீசா துவைக்காத சேலை ஒன்றைக் கிணற்றுச் சுவரில் போட்டு வைத்தாள், மழையில் நனைந்து அங்கேயே மக்கியது. புது மாப்பிள்ளைக்குக் கைக்கடிகாரத்தோடு ஒரு கைக்குட்டையும் கொடுத்தார்கள், இரண்டு பக்கத்துத் துணியும் வைத்துச் சுலைகா தைத்தது, துவைக்கக் கூடாது என்று சொல்லி. அவர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, காலையில் கிழக்கே ஒரு சலாம், மேற்கே ஒரு சலாம் சொல்லிவிட்டு, காலில் இடறுகிற பூனைகளைத் தாண்டிக் கடைக்குப் போய் வந்தார்.