மரத்தில் வௌவால், லாயத்தில் குதிரை

குதிரைக்கு உடம்பு சரியில்லை என்று அக்கா போன் செய்தபோது, இளையவள் ஒரு நாய்க்குட்டியின் காதுக்குள் சிக்கியிருந்த புல்விதையை எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் கால்நடை மருத்துவர். வீட்டில் அவளுக்கு ‘மாட்டு டாக்டர்’ என்றுதான் பெயர். மாடு பார்த்தே பல வருஷமாகிறது என்று அவள் சொல்வதெல்லாம் அங்கே எடுபடாது.

“எதையும் தின்ன மாட்டேங்குறா. மூச்சு வாங்குது. உடம்பு கொதிக்குது” என்றாள் மூத்தவள். அவளும் அவள் கணவரும் குதிரையேற்றப் பள்ளி ஒன்றை நடத்தி வந்தார்கள். லாயத்தில் எத்தனையோ குதிரைகள் இருந்தாலும் மகாராணி என்ற பழுப்புக் குதிரைதான் அவளுக்குப் பெற்ற பிள்ளை மாதிரி.

“மூக்குல ஏதாவது ஒழுகுதா?”

“நுரை நுரையா வந்துச்சு. துடைச்சு விட்டேன்.”

“வெறுங்கையாலயா?”

“பின்னே, காலாலயா துடைப்பாங்க?”

இளையவள் நாய்க்குட்டியைக் கீழே இறக்கி விட்டாள். அக்காவின் மேய்ச்சல் வெளியில் பெரிய அத்திமரம் ஒன்று நின்றது. அதில் பழந்தின்னி வௌவால்கள் குடும்பம் குடும்பமாகத் தொங்கும். அவற்றின் உடம்பில் குடியிருக்கும் சில வைரஸ்கள் அவற்றை ஒன்றும் செய்வதில்லை. ஆனால் வௌவாலின் எச்சிலோ சிறுநீரோ விழுந்த புல்லையும் தண்ணீரையும் குதிரை வாயில் வைத்தால் தொற்றிக்கொள்ளலாம். பிறகு குதிரையின் சளியிலிருந்து மனிதருக்கு. வந்துவிட்டால் குதிரை பிழைப்பது அபூர்வம். மனிதர் பாடும் ஏறக்குறைய அதேதான்.

“இனிமே யாரும் அவ பக்கத்துல போகாதீங்க. நீ சோப்பு போட்டுக் குளி. இதோ கிளம்பிட்டேன்.”

வாசலிலேயே காரை நிறுத்தி, தலை முதல் கால் வரை மூடும் வெள்ளை உடுப்பு, முகக்கவசம், கண்ணாடி, இரண்டு ஜோடி கையுறை என்று ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டாள். அத்தான் சிரித்தார்.

“என்ன மாட்டு டாக்டர், நிலாவுக்குக் கிளம்பிட்டியா?”

அவள் பதிலுக்குச் சிரிக்கவில்லை என்றதும் அவர் முகம் மாறியது.

மகாராணி தலையைத் தொங்கப் போட்டு நின்றிருந்தது. மூக்கிலிருந்து மாதிரி எடுத்தாள், இரத்தம் எடுத்தாள். வெளியே வந்து பார்த்தால், தண்ணீர்த் தொட்டி சரியாக அத்திமரத்தின் கிளைக்குக் கீழே இருந்தது. தண்ணீரில் பாதி கடித்த பழங்கள் மிதந்தன.

“சமீபத்துல வெளியூர் எங்கயாவது கூட்டிட்டுப் போனீங்களா, அத்தான்?”

“போன வாரம் போட்டிக்குப் போனோமே. நாள் பூரா லாரிதான்.”

“தலையைத் தூக்கிக் கட்டியிருந்தீங்களா?”

“கட்டாம எப்படிக் கொண்டுபோறது?”

குனிய முடியாமல் நெடுநேரம் நிற்கும் குதிரைக்குச் சளி இறங்காது; நுரையீரலில் கிருமி சேர்ந்துவிடும். அதுவாக இருந்தால் மருந்து உண்டு. அதுவாக இருக்கட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே ஊசியைப் போட்டாள்.

ஆய்வக முடிவு வரும்வரை அக்கா தனி அறையில் இருக்க வேண்டும் என்று சுகாதாரத் துறை மருத்துவர் சொல்லிவிட்டார். முரட்டுக் குதிரையையும் ஒரு அதட்டலில் அடக்குகிறவள், மாடி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

“ஏய், எனக்கு ஏதாவது ஆயிட்டா?”

“உன் புது பூட்ஸை நான் எடுத்துக்குவேன்.”

“உன் காலுக்கு அது கப்பல் மாதிரி இருக்கும்டி” என்றாள் அக்கா. சிரிக்க ஆரம்பித்து அழுதுவிட்டாள். கீழே நின்றவளுக்கு ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள முடியவில்லையே என்றிருந்தது.

அத்தான் கொட்டகையிலிருந்து ரம்பத்தோடு வந்தார். “மரத்தை வெட்டிடறேன். சனியன் தொலையட்டும்.”

“வெட்டினா அதுங்க ஆகாசத்துலயா தொங்கும்? பக்கத்துத் தோட்டத்துக்குப் போகும். அங்கயும் குதிரை இருக்கு. பசியும் பயமும் வந்தா அதுங்க உடம்புலேர்ந்து வைரஸ் இன்னும் அதிகமா வெளியேறும்னு சொல்றாங்க. ரம்பத்தை வச்சிட்டுத் தொட்டியைக் காலி பண்ணுங்க. கையுறை போட்டுக்கங்க.”

முணுமுணுத்தபடியே அவர் ரம்பத்தைக் கீழே வைத்தார். இருவரும் மூச்சுத் திணறத் தொட்டியை இழுத்து, லாயத்துக் கூரைக்கு அடியில் கொண்டுவந்து சேர்த்தார்கள். மறுநாள் காலை மரத்தடியில் பிளாஸ்டிக் விரிப்பைப் பரப்பி, அதில் விழுந்த வௌவால் சிறுநீரையும் சேகரித்து அதே ஆய்வகத்துக்கு அனுப்பினாள்.

அன்று மாலை போன் வந்தது. மகாராணியின் மாதிரியில் வௌவால் வைரஸ் இல்லை. உறுதிக்காகக் காலையில் எடுத்த இரண்டாவது மாதிரியிலும் இல்லை. லாரிப் பயணம் தந்த நுரையீரல் காய்ச்சல்தான். அக்கா படிகளில் தடதடவென்று இறங்கி வந்து தங்கையை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அதே வேகத்தில் அவளை விட்டுவிட்டு லாயத்துக்கு ஓடினாள்.

சில நாள் கழித்து விரிப்பின் முடிவு வந்தது. அதில் வைரஸ் இருந்தது.

அத்தான் மரத்தடியைத் திரும்பிப் பார்த்தார். “அப்போ இத்தனை வருஷமா அந்தத் தண்ணியைத்தான்...”

“ஆமா, அத்தான். இதுவரைக்கும் தப்பிச்சிருக்கோம். இனிமே தப்பிக்கிறதை நாமளே பார்த்துக்கணும்.”

மரத்தைச் சுற்றி வேலி வந்தது. குதிரைகளுக்கெல்லாம் தடுப்பூசி போட்டாயிற்று. தீவனம் கூரைக்கடியிலேயே. மாணவர்கள் திரும்ப வந்தார்கள். மகாராணிக்குப் பசி திரும்பியதில் அக்காவின் குரலும் பழையபடி லாயமே அதிர ஒலித்தது.

ஒரு சாயங்காலம் சகோதரிகள் இருவரும் படியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். வேலிக்கு அப்பால் மரம் கலகலத்தது. வௌவால்கள் ஒன்றன்பின் ஒன்றாக வானத்தில் எழும்பின.

“அது மார்ல என்ன, குட்டியா?” என்று அக்கா எழுந்து நின்றாள்.

“குட்டிதான். அம்மாவைப் பிடிச்சுக்கிட்டே பறக்கும்.”

“கனக்காதா அதுக்கு?” என்று கேட்டுவிட்டு, அந்த வௌவால் கண்ணிலிருந்து மறையும்வரை கையில் தேநீர் ஆறுவதையும் மறந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.