ஓட்டிக் காட்டுங்க, ஐயா

பொலிஸுக்குப் போகிற அன்று காலை கணபதி தாடியை வழித்துக்கொண்டார். இருக்கிற ஒரே நல்ல சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டார். கல்யாண வீட்டுக்குப் போகிறவரின் கோலம்தான்; செய்யப் போகிற வேலையோ பொய் சொல்வது. ஐம்பத்தாறு வயதில் முதல் தடவையாகப் பொலிஸ் வாசலை மிதித்துச் சொல்லப்போகிற பொய்.

கண்டியை ஒட்டிய கட்டுகஸ்தோட்டையில் ஒரு ஹாட்வெயார் கடைக்கு அவர் இரவுக் காவல். நாவலப்பிட்டிப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த மனைவி காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு, மகள் கலாராணியைக் கூட்டிக்கொண்டு டவுனுக்கு வந்தவர். வந்து எட்டு வருஷமாகிறது. கடைக்குப் பின்னாலுள்ள ஓர் அறையில் இருவரும் இருந்தார்கள். அவர் இரவெல்லாம் விழித்து உழைத்தார், அவள் பகலெல்லாம் படித்தாள். அந்தப் படிப்புக்குப் பலனாக ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து கடிதம் வந்திருந்தது. வருகிற முதலாம் திகதி போய்ச் சேர வேண்டும். கொண்டுவர வேண்டியவை என்று போட்டிருந்ததில் நாலாவது, பொலிஸ் ரிப்போட். இந்த ஆளின் பேரில் ஒரு கேஸும் இல்லை என்று பொலிஸ் தருகிற கடதாசி.

அந்தக் கடதாசிக்குத்தான் வினை வந்தது.

கலாராணியிடம் ஒரே சக்கரத்தில் ஓடும் ஓர் ஒற்றைச் சில்லு சைக்கிள் இருந்தது. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளைக்காரப் பிள்ளைகள் நாலு பேர் வந்து, மூன்று மாதம் தங்கி, சர்க்கஸ் வித்தை சொல்லிக்கொடுத்தார்கள். பந்துகளை மாற்றி மாற்றி எறிந்து பிடிக்க எல்லாருக்கும் வந்தது. அந்தச் சைக்கிளில் நிலைத்து உட்கார்ந்தது கலாராணி மட்டும்தான். போகும்போது அதை அவளுக்கே கொடுத்துவிட்டுப் போனார்கள். ஹேண்டில் கிடையாது, பிரேக் கிடையாது, பெல் கிடையாது. ஒரு சில்லு, ஒரு சீட், இரண்டு மிதி. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், ரோட்டில் வாகனங்கள் பெருகுமுன், மகாவலி ஓரமாக ஒரு சுற்றுப் போய் வருவாள். வாரம் முழுக்கப் புத்தகத்தில் தலையைக் கவிழ்த்திருக்கிற பிள்ளைக்கு அந்த ஒரு மணி நேரம்தான் சொந்தம். அதைக்கூடப் பொறுக்காத உலகம் இது.

போன ஞாயிறு, கடைகளுக்கு பிஸ்கட் போடுகிற ரிஸ்கான் என்கிற இளைஞன் மோட்டார் சைக்கிளில் எதிரே வந்தான். ஒரே சில்லில் ஓர் ஆள் வருவதைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். ரோடு வளைந்தது, அவன் வளையவில்லை. மதகுக் கட்டில் அடித்துக் கால் முறிந்தது. கலாராணி அவன்மேல் படவுமில்லை, அவனுக்குக் குறுக்கே போகவுமில்லை. இருந்தும் குதித்து ஓடிப்போய், மேலே போட்டிருந்த ஜேர்சியைக் கழற்றி அவன் காலைக் கட்டினாள். பக்கத்து வீட்டு த்ரீவீல்காரர் சின்னமுத்துவுக்குப் போனில் கோல் எடுத்தாள். இருவருமாக அவனைத் தூக்கிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அரை மயக்கத்தில் கிடந்தவனுக்குத் தூக்கியது யாரென்று தெரியாது. சைக்கிளை எடுக்க அவள் திரும்பி வந்தபோது அது அங்கே இல்லை. பொலிஸ் எடுத்துக்கொண்டு போயிருந்தது.

"நானே பொலிஸுக்குப் போயி நடந்தத சொல்லிர்றேன்ப்பா. நான் என்ன தப்பு பண்ணேன்?" என்றாள்.

"ரிப்போட்டு கைக்கு வரட்டும். அதுவரைக்கும் வாயத் தொறக்காத."

அப்பாவுக்காக இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் அவள் டியூஷன் கொடுக்கப் போயிருந்த நேரம், ஒரு பொலிஸ்காரர் போனில் சைக்கிளின் படத்தைக் காட்டிக்கொண்டு ஹாட்வெயார் கடைக்கு வந்துவிட்டார். இது இங்கேதான் சாத்திக் கிடக்கும் என்று எவனோ ஒரு புண்ணியவான் கைகாட்டியிருந்தான். யாருடையது என்று அவர் கேட்டு முடிக்கவில்லை, "என்னுதுதான்" என்று கணபதியின் வாய் சொல்லிவிட்டது. ஓட்டினது யார்? "நான்தான்." நாளைக் காலையில் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிவிட்டுப் பொலிஸ்காரர் போய்விட்டார்.

இந்த யோசனை கணபதியின் மூளையில் தானாக முளைத்ததல்ல. நம் பக்கத்தில் அது ஒரு வழக்கமாகவே இருக்கிறது. முதலாளி இடித்தால் டிரைவர் போய் நிற்பார், தம்பி இடித்தால் அண்ணன் போய் நிற்பான். கேட்கிறவர்களும் பெரிதாகக் கிண்டுவதில்லை. அன்று பின்னேரம் சின்னமுத்துவும் தைரியம் சொன்னார்.

"ஒண்ணும் பயப்படாதீங்கண்ணே. எங்க மொதலாளி மகன் வேன இடிச்சப்ப நான்தான் ஓட்டினேன்னு போயி நின்னேன். ரெண்டு தரம் நின்னுருக்கேன். கோர்ட்ல குத்தவாளின்னு சொல்லிட்டு, தண்டத்தக் கட்டிட்டு வந்துர வேண்டியதுதான். அரை நாள் வேலை. புள்ள பேரு எங்கயும் வராது."

புள்ள பேரு எங்கயும் வராது. கணபதிக்கு அது போதும்.

ஸ்டேஷனில் போக்குவரத்துக்குப் பொறுப்பான சார்ஜன் சிங்களவர். தமிழ் பேசத் தெரிந்த ஒரே ஆள், அக்குறணையைச் சேர்ந்த றிஸ்மி என்கிற கொன்ஸ்டபிள். கணபதி சொல்வதைச் சார்ஜனுக்கும் சார்ஜன் சொல்வதைக் கணபதிக்கும் மாற்றிச் சொல்லிக்கொண்டே சிங்களத்தில் எழுதுவதும் றிஸ்மியின் வேலை. சார்ஜன் காலையிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். இரண்டு சில்லுக்குச் சட்டம் இருந்தது, மூன்றுக்கு இருந்தது, நாலுக்கு இருந்தது, மாட்டு வண்டிக்குக்கூட இருந்தது. ஒற்றைச் சில்லைத்தான் காணோம். சட்டம் எழுதியவர்களுக்குக் கலாராணியைத் தெரிந்திருக்க நியாயமில்லை. கடைசியில் பிரேக் இல்லாதது, பெல் இல்லாதது, பொதுப் பாதையில் பிறருக்கு ஆபத்தாக ஓட்டியது என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டார். மோசமான மனிதர் என்று சொல்ல முடியாது. ஒருவன் கால் முறிந்து கிடக்கிறான், அவன் வீட்டார் வந்து முறைப்பாடு கொடுத்திருக்கிறார்கள், புத்தகத்தில் ஒரு பெயர் ஏறித்தான் ஆக வேண்டும்.

கணபதி பதில்களை இரவெல்லாம் பாடம் பண்ணி வைத்திருந்தார். எத்தனை மணிக்கு, எந்தப் பக்கமாக, எவ்வளவு தூரத்தில். எதிலும் தடுக்கவில்லை.

"ஐயா, வூட்டுல இத ஓட்டுற வேற யாரும் ஈக்கிறாங்களா?" என்று றிஸ்மி கேட்டார்.

"யாருமில்ல தம்பி. நான் ஒத்த ஆளு. புள்ளகுட்டி கெடையாது."

உயிரோடு இருக்கிற பிள்ளையை, குத்துக்கல்லாட்டம் இருக்கிற பிள்ளையை, இல்லை என்று சொல்லிவிட்டார். செத்துப்போனவள் கேட்டுக்கொண்டிருந்தால் என்ன நினைப்பாள்? றிஸ்மி அதையும் எழுதிக்கொண்டார்.

சார்ஜன் புத்தகத்தை மூடினார். கணபதியின் நரைத்த தலையையும் வளைந்த கால்களையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிங்களத்தில் ஏதோ சொன்னார். அறையிலிருந்த எல்லாரும் திரும்பினார்கள். றிஸ்மி தயங்கினார்.

"ஓட்டிக் காட்டுங்க, ஐயா. வெளிய முத்தத்துல. சார்ஜன் சொல்றாரு."

எல்லாவற்றையும் யோசித்தவர்கள் இதை யோசிக்கவில்லை. வேனுக்கு ஆள் மாறி நிற்கலாம், லொறிக்கு நிற்கலாம். ஊரில் பாதிப் பேருக்கு ஓட்டத் தெரியும். இந்தப் பாழாய்ப்போன சைக்கிளில் ஏறி உட்காரக்கூட இந்தக் கண்டியில் இன்னொரு ஆள் கிடையாது. முறையைத் தெரிந்து வைத்திருந்த சின்னமுத்துவுக்கும் அது தோன்றவில்லை, கணபதிக்கும் தோன்றவில்லை.

கொடிக்கம்பத்தடியில் சைக்கிளைக் கொண்டுவந்து வைத்தார்கள். கம்பத்திலிருந்து கேட்டு வரைக்கும் ஓட்டினால் போதும் என்றார் சார்ஜன். கணபதி செருப்பைக் கழற்றினார், கம்பத்தைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கிப் போட்டார். சீட் ஒரு பக்கம் போனது, அவர் மறுபக்கம் போனார். இரண்டாம் தரம் ஏறி உட்கார்ந்தேவிட்டார். கம்பத்தை விட்டதும் முகம் குப்புற விழுந்தார். பொலிஸ்காரர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். ஒருவர் போனை எடுத்துப் படம் பிடிக்கப் போனார், சார்ஜன் ஓர் அதட்டுப் போட்டு உள்ளே வைக்கச் சொன்னார். மூன்றாம் தரம் உள்ளங்கை கிழிந்தது. நாலாம் தரம் இடுப்பில் கட்டியிருந்த சாரம் முட்டியில் நனைந்து சிவந்தது. அதற்கு மேல் யாரும் சிரிக்கவில்லை.

றிஸ்மி ஓடிவந்து தூக்கினார். காதோரமாகச் சொன்னார்: "போதும் ஐயா. யாரையோ காப்பாத்தப் பாக்கிறீங்கண்டு வெளங்குது. பொலிஸுக்குப் பொய் சொன்னா அது இதவிடப் பெரிய கேஸ். இன்னம் நீங்க கையெழுத்து வெக்கல்ல. உண்மயச் சொல்லுங்க, எழுதினத கிழிச்சிப் போடுறன்."

"பழக்கம் விட்டுப்போச்சு தம்பி, வேற ஒண்ணுமில்ல. இன்னொரு தரம் ஏறுறேன்."

அந்த மனிதரின் பிடிவாதத்தை என்னவென்று சொல்வது! ஐந்தாம் தரத்துக்குக் கம்பத்தைப் பிடித்தபோதுதான் கேட்டுக்கு வெளியே சின்னமுத்துவின் த்ரீவீல் வந்து நின்றது. அப்பா எங்கே என்று கலாராணி கேட்ட கேள்விக்குச் சின்னமுத்துவால் அரை மணி நேரத்துக்கு மேல் மழுப்ப முடியவில்லை. அவள் இறங்கி, கேட்டைத் தள்ளிக்கொண்டு நேரே முற்றத்துக்கு வந்தாள். அழவில்லை, கத்தவில்லை. அப்பாவின் கையைக் கம்பத்திலிருந்து மெதுவாக எடுத்தாள். படியில் கொண்டுபோய் உட்கார வைத்து, தன் சால்வையைக் கிழித்து உள்ளங்கையைச் சுற்றினாள்.

"போயிரு. நீ யாருன்னே எனக்குத் தெரியாது. போயிரு தாயி," என்று முணுமுணுத்தார் கணபதி.

"சும்மா இருங்கப்பா."

எழுந்து போய்ச் சைக்கிளை நிமிர்த்தினாள். கம்பத்தைத் தொடவில்லை. ஓர் எட்டு வைத்தாள், அடுத்த எட்டில் மேலே இருந்தாள். கம்பத்திலிருந்து கேட்டு வரை போய், கேட்டிலிருந்து ஜீப்பைச் சுற்றி, சார்ஜனின் அறை ஜன்னலோரமாக வளைந்து வந்தாள். கைகள் இரண்டும் பக்கவாட்டில் சும்மா விரிந்திருந்தன. கணபதி அதற்கு முன் ஒரு நாளும் அதைப் பார்த்ததில்லை. ஞாயிறு விடிகிற நேரம் அவர் வேலை முடிந்து வந்து, அடித்துப் போட்டது போல் தூங்குகிற நேரம். இவ்வளவு அழகாகவா ஓட்டுவாள்? தலை நிமிர்ந்து, யாருக்கும் பயப்படாமல், அவளுடைய அம்மாவின் அதே முகத்தோடு. முட்டி வலித்தது, வருஷக் கணக்கான கனவு கண்ணெதிரே கைநழுவிப் போய்க்கொண்டிருந்தது, அந்த நேரத்தில் போய் அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்படிச் சந்தோஷப்பட்டதற்காகப் பிறகு வெட்கமாகவும் இருந்தது.

சார்ஜனின் முன்னால் வந்து இறங்கி, அவள் சிங்களத்திலேயே எல்லாவற்றையும் சொன்னாள். ஓட்டியது நான்தான். அடிபட்டவர்மேல் நான் மோதவில்லை. ஆஸ்பத்திரியில் அவருடைய சாமான்களோடு நீல ஜேர்சி ஒன்று இருக்கும், அது என்னுடையது. அன்றைக்கே வந்திருக்க வேண்டும், வராதது என் பிழை.

சார்ஜன் றிஸ்மியிடம் நிதானமாகச் சொன்னார். றிஸ்மி அதைக் கணபதிக்குச் சொன்னார்: "முறைப்பாடு ஈக்கிறதால கோர்ட்டுக்குப் போடாம ஏலாது ஐயா. ஜேர்சிய பத்தியும் எழுதுவோம், நீதவான் பாத்துக்குவாரு. ஆனா கேஸ் முடியிற வரைக்கும் ரிப்போட் கிளியரா வராது. திகதி வாற மாசம் பதினஞ்சு."

கல்லூரி முதலாம் திகதி. கணக்குப் போடத் தேவையில்லை. கணபதி தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏம்மா வந்த? நான் இன்னும் ரெண்டு தரம் விழுந்திருந்தா அவுங்களே சலிச்சுப்போயி எழுதியிருப்பாங்களே! ஒரு வருசம் போச்சே!"

"போகட்டும்ப்பா. ஒங்கள இப்படி விழ வச்சுட்டு நான் அங்க போயி, புள்ளைகளுக்குப் பொய் சொல்லக் கூடாதுன்னு பாடம் நடத்தவா?"

றிஸ்மி முன்பு எழுதிய தாளைச் சொன்னபடியே நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு, புதுத் தாள் எடுத்தார். அவளிடம் பெயர் கேட்டார், வயது கேட்டார். தொழில் என்று கேட்டபோது, டீச்சர் என்று சொல்லக் கணபதி வாயைத் திறந்தார்.

"இன்னும் இல்ல," என்று கலாராணி முந்திக்கொண்டாள்.

அவள் வீட்டுக்குப் போவதென்றால் ஒருவர் பிணை நிற்க வேண்டும். கணபதி படியிலிருந்து எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து மேசைக்கு வந்தார். றிஸ்மிக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் படிவத்தில் கேள்வி இருந்தது, கேட்டுத்தான் எழுத வேண்டும்.

"ஐயா, இந்தப் புள்ள உங்களுக்கு என்ன முறை?"

"மக," என்றார் கணபதி. அடுத்த மேசைக்கும், வெளியே நின்ற சின்னமுத்துவுக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு தரம் சொன்னார். "எம் மக. எனக்கு இருக்கிறது இவ ஒருத்திதான்."

றிஸ்மி எழுதினார். கணபதிக்குச் சால்வைத் துணி சுற்றிய கையால் பேனாவைச் சரியாகப் பிடிக்க வரவில்லை. கலாராணி தாளை அசையாமல் பிடித்துக்கொண்டாள், கணபதி கையெழுத்துப் போட்டார்.