அண்ணாச்சி என்று கூப்பிட்டவள்

ஒன்பது மாதம் கழித்துக் கப்பலிலிருந்து இறங்கி வந்த புருஷனைப் பார்த்து, "அண்ணாச்சி, கொஞ்சம் வழி விடுதியளா?" என்று கேட்டுவிட்டாள் இன்பமணி. அதுவும் தூத்துக்குடி புதுத் துறைமுக வாசலில், மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். செல்வதுரைக்கு வரவில்லை. போகும்போது முறுக்கு மீசையோடு போன மனிதர், வரும்போது அதை மழித்துவிட்டு வந்திருந்தார். பெண்டாட்டியைச் சீண்டிப் பார்க்கலாம் என்று கூட்டத்துக்குள் பக்கவாட்டில் நுழைந்து, வாயைத் திறக்காமல் அவள் முன்னால் போய் மரம் மாதிரி நின்றிருக்கிறார். அவளோ அவருடைய தோளுக்கு மேலே எட்டி எட்டி அவரையேதான் தேடியிருக்கிறாள்.

"கட்டுன புருஷன அண்ணாச்சிங்கா. இவ மனசுல எவன் இருக்கானோ" என்றார் மாமியார் ஜீவமணியம்மா. மகன் அதற்கு ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து இன்பமணியோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அடுத்த கப்பல் ஏறுவதற்குள் அவளை நாசரேத்தில் தாய் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவது, அதோடு சரி என்று வீட்டில் முடிவாகிவிட்டது.

நான் செண்பகம். இன்பமணி தமிழ் நடத்திய பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான டீச்சர். எனக்குக் கோபம் சட்டென்று வரும், அதை ஒளித்து வைக்கவும் தெரியாது. அவள் ஸ்டாப் ரூமில் உட்கார்ந்து இதையெல்லாம் சொல்லி அழுதபோது, அந்த வீட்டுக்கு உடனே போய் நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று கிளம்பிவிட்டேன். அவள்தான் சேலையைப் பிடித்து நிறுத்தினாள்.

அவளிடம் ஏதோ ஒன்று இருக்கிறது என்பது எனக்கு முன்பே தெரியும். நான் முதன்முதலாக மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு வந்த அன்று, "நீங்க எந்தப் பிள்ளைக்கு அம்மா?" என்று கேட்டவள் அவள். நான் வாயைத் திறந்து ஒரு கத்துக் கத்தியதும், "ஐயோ செண்பகமா!" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். வகுப்பில் ஒரு பிள்ளையையும் இடம் மாறி உட்கார விடமாட்டாள். தெருவில் எதிரே வருகிற அத்தனை பேருக்கும், வேதக்காரர்கள் வணக்கத்துக்குச் சொல்கிற "தோத்திரம்" சொல்வாள். பால்காரருக்கும் உண்டு, சிவன் கோயிலிலிருந்து திருநீற்றோடு வருகிற எனக்கும் உண்டு. ரொம்ப பக்தியான பெண் என்று ஊரில் பேர். தெரிந்தவர் யாரையும் விட்டுவிடக் கூடாதே என்ற பயத்தில்தான் எல்லோருக்கும் சொல்லி வைத்தாள் என்பது பின்னால்தான் தெரிந்தது.

அதைக் கண்டுபிடித்தவர் பிளாரன்ஸ். மதுரையில் மனோதத்துவம் படித்தவர். மனிதர்கள் ஒருவரையொருவர் எப்படி அடையாளம் கண்டுகொள்கிறார்கள் என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். முப்பது வயதுகூட இருக்காது. 1978இல், இன்பமணி ஸ்டாப் ரூமில் அழுத அதே வாரம், எங்கள் பள்ளிப் பிள்ளைகளைச் சோதிக்க வந்தவர், டீச்சர்களையும் விடவில்லை. எங்களை வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுத்தார். அந்தப் படங்களில் முடியையும் காதையும் கழுத்தையும் வெட்டி எறிந்துவிட்டு, முகத்தை மட்டும் அட்டையில் ஒட்டி எங்களிடமே காட்டினார். நாங்கள் போட்டி போட்டுக்கொண்டு பேர் சொன்னோம். இன்பமணி ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. கடைசி அட்டையை மட்டும் வெகுநேரம் பார்த்தாள்.

"இது யாரு மிஸ்? பாவம், ரொம்ப அழுத மூஞ்சியா இருக்கு."

அது அவளுடைய படம்.

வேறு யாராவது என்றால் சிரித்திருப்பார்கள். பிளாரன்ஸ் நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கண்ண மூடிக்கிட்டு உங்க அம்மா முகத்த நெனச்சுப் பாருங்க" என்றார்.

இன்பமணி கண்ணை மூடினாள். "கை வருது. வளையல் சத்தம் வருது. கூப்பிடுத குரல் வருது. முகம் வரலியே மிஸ்." பிறகு கண்ணைத் திறந்து, "எல்லாருக்கும் அப்படித்தானே?" என்று கேட்டாள்.

உலகத்தில் எல்லோரும் தன்னைப் போலவே தட்டுத்தடுமாறித்தான் ஆள் கண்டுபிடிக்கிறார்கள், தான் மட்டும் அதில் கொஞ்சம் மந்தம் என்று இத்தனை வருஷமும் நினைத்திருக்கிறாள்.

பிளாரன்ஸ் நிதானமாக எடுத்துச் சொன்னார். கண், மூக்கு, வாய் எல்லாவற்றையும் சேர்த்து இன்னாருடைய முகம் என்று அறிவது மூளையில் ஒரு தனி வேலை. சிலருக்குப் பிறவியிலேயே அது அமைவதில்லை. கர்வம், மறதி, மனசில் வேறு ஆள் என்பதற்கெல்லாம் இதில் சம்பந்தமே கிடையாது. "முகம் இல்லாம நீங்க எப்படி ஆள் கண்டுபிடிக்கீங்க? அதச் சொல்லுங்க முதல்ல" என்று ஆசையாகக் கேட்டார். குரல், நடை, தலையெண்ணெய் வாசனை, செருப்பு தேய்கிற விதம் என்று இன்பமணி சொல்லச் சொல்ல, கச்சேரி கேட்கிறவர் மாதிரி தலையை ஆட்டினார். ஒரு மனசு வேலை செய்கிற விதத்தைப் பார்த்து இவ்வளவு அதிசயப்படுகிற ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்த நிமிஷமே எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

"அவிய இத நம்பமாட்டாவ மிஸ்" என்றாள் இன்பமணி, புருஷனைச் சொல்லி. "சாக்கு சொல்லுதாம்பாவ."

அப்போதுதான் பிளாரன்ஸ் அந்த விளக்கு வித்தையைச் சொன்னார். வெளிநாட்டில் செய்திருக்கிறார்களாம். உடம்பின் மூட்டுகளில் மட்டும் சின்ன விளக்குகளைக் கட்டி, இருட்டில் நடக்க விட்டு, யார் என்று கேட்பது. "டார்ச் பல்பு கெடைக்குமா?" என்று என்னைப் பார்த்தார். விஞ்ஞான டீச்சரிடம் கேட்கிற கேள்வியா இது!

அன்று சாயங்காலமே செல்வதுரை வீட்டுக்குப் போனேன். இந்த முறை யாரும் சேலையைப் பிடிக்கவில்லை. "உங்க பெண்டாட்டிக்கு உங்களத் தெரியுமா தெரியாதான்னு சனிக்கிழம பள்ளிக்கூடத்துக்கு வந்து பாத்துக்கிடுங்க. அம்மாவையும் கூட்டிட்டு வாங்க" என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன்.

அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "வாரேன் டீச்சர். ஆனா அங்கனயும் அவளுக்கு என்னத் தெரியலன்னா, திங்கக்கிழம நாசரேத் பஸ்தான்."

சனிக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூட ஹாலின் ஜன்னல்களை ஜமுக்காளம் போட்டு அடைத்தோம். உள்ளே புழுக்கம் தாங்கவில்லை. மேடைக்குப் பின்னால் செல்வதுரை, டிரில் மாஸ்டர் ஜெபசிங், பியூன் அய்யாக்குட்டி. மூன்று பேரும் ஏறக்குறைய ஒரே உயரம். கறுப்புத் துணியைச் சுற்றி, தோளிலிருந்து கணுக்கால் வரை மூட்டுக்கு ஒரு பல்பாகப் பிளாஸ்திரி போட்டு ஒட்டினேன். வெறுங்கால். பேச்சு கிடையாது, இருமக்கூடக் கூடாது. யார் முதலில் வருவது என்பதைப் பிளாரன்ஸ் ரகசியமாக வைத்துக்கொண்டார். நான் கீழே இறங்கி வந்து மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் உட்கார்ந்தேன்.

முதல் ஆள் வந்து நின்றார். இருட்டில் சில வெளிச்சப் புள்ளிகள், அவ்வளவுதான். மனிதன் என்றே சொல்ல முடியாது. பிறகு புள்ளிகள் அசைந்தன. அசைந்ததும், சாமி, அங்கே ஒரு ஆள் நடந்துகொண்டிருந்தான்! முழங்கால் மடங்குகிறது, கை வீசுகிறது. பல்பை ஒட்டியவளே நான்தான், எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

"இதாம்லா எம் புள்ள!" என்றார் ஜீவமணியம்மா.

"இல்ல அத்த. அது அய்யாக்குட்டி அண்ணாச்சி" என்றாள் இன்பமணி.

இரண்டாவது ஆள் வந்து நின்றார். மறுபடியும் வெறும் புள்ளிகள். இன்பமணி கண்ணை இடுக்கிப் பார்த்தாள். திங்கட்கிழமை நாசரேத் பஸ் எனக்கு ஞாபகம் வந்தது. புள்ளிகள் நகர்ந்தன.

"இது அந்த டிரில் வாத்தியாரு" என்றார் மாமியார்.

இன்பமணி எழுந்து நின்றுவிட்டாள். "அவிய" என்றாள். "அவியதான். வலது கால எடுத்து வைக்கதுக்கு முன்னால தோள் கொஞ்சம் முந்திக்கிடும். கரண்டு போன அன்னைக்கெல்லாம் வெறும் நெழலா மாடிப்படி ஏறி வருவாவல்லா, அப்பமும் அப்படித்தான்."

பிளாரன்ஸ் ஜமுக்காளத்தை விலக்கினார். உடம்பெல்லாம் பல்பு எரிய, சப்பரம் மாதிரி மேடையில் நின்றுகொண்டிருந்தார் செல்வதுரை. ஜெபசிங்குக்கு நடக்க வேண்டிய வேலையே இல்லாமல் போனது. ஜீவமணியம்மா முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஏளா இன்பம்" என்றார் செல்வதுரை. கரை இறங்கியதிலிருந்து அவளிடம் அவர் பேசிய முதல் வார்த்தை. "பெத்தவளுக்கே தெரியலியே."

இன்பமணி மேடைக்குக் கீழே போய் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கு வாயும் தெறக்காம மரம் மாதிரி வந்து நின்னிய. ரெண்டு எட்டு நடந்திருக்கப்பிடாதா?"