முழங்கையில் வாத்துகள்

1

இந்தக் கதையை நான் கோவில்பட்டியிலிருந்து விளாத்திகுளம் போகும் பஸ்ஸில், முன் இருக்கையிலிருந்து எடுத்தேன். மிளகாய்ப் பழம் பறிக்கப் போகும் பெண்கள் நாலைந்து பேர் ஏறினார்கள். எல்லோரும் சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை போட்டிருந்தார்கள். வெயிலுக்கும் மிளகாய்க் காந்தலுக்கும் எங்கள் கரிசல் பக்கம் அதுதான் வழக்கம். அதில் ஒருத்தியின் நீலக் கட்டம் போட்ட சட்டையில், முழங்கைக் கிழிசலை அடைத்து வெள்ளை நூலில் வாத்துகள். குட்டி குட்டியாக, வரிசையாக, மிஷினில் தைத்த வாத்துகள்.

கேட்டிருக்கலாம். முன்பின் தெரியாத பெண்ணிடம் போய்ச் சட்டைக் கையைப் பற்றி என்னவென்று கேட்பது? அவள் இறங்கிப் போய்விட்டாள். வாத்துகள் மட்டும் என்னோடு வீடு வரைக்கும் வந்துவிட்டன.

என் அம்மாவும் அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டுதான் பருத்தி எடுக்கப் போவாள். சாயங்காலம் அதைக் கழற்றி உதறிக் கொடியில் போடுவாள். மறுநாள் காலையில் அப்பா, "என் சட்டை எங்கட்டி?" என்று தேடுவார். பஸ்ஸில் அந்த ஞாபகம் வந்து ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

2

முதல் தொடக்கம்: செல்வமாரி தன் விதியைத் தையல் மிஷின் வடிவத்தில்... (சீ. அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: மழை பொய்த்த கரிசல் பூமியில்... (இதை எழுதாத ஆள் யார் இருக்கிறார்கள்?)

மூன்றாவது: வளையல் கடை பாத்திமுத்துவுக்கு அவள் தம்பி மலேசியாவிலிருந்து ஒரு கரண்டு தையல் மிஷின் கொண்டுவந்து கொடுத்தான். கூடவே வந்த புத்தகம் ஜப்பான் எழுத்தில் இருந்தது. பாத்திமுத்துவுக்குத் தைக்கத் தெரியாது. அதே தெருவில் இருக்கும் சிநேகிதி செல்வமாரிக்கு மிதி மிஷினில் தைத்துப் பழக்கம். ஆகவே கூப்பிட்டு அனுப்பினாள்.

இது போதும். இப்படியே போகலாம்.

செல்வமாரி வரும்போது ஒரு சட்டையோடு வந்தாள். அவள் புருஷன் சோலைச்சாமி* டிராக்டர் ஓட்டியவன், இறந்துவிட்டான். துஷ்டிக் காரியங்கள் முடிந்ததும் அவன் உடுப்புகளை யார் யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். துவைக்கப் போட்டிருந்த இந்த ஒன்று மட்டும் தப்பியது. இதைப் போட்டுக்கொண்டுதான் அவள் தினமும் காட்டுக்குப் போகிறாள். கருவேல முள் இழுத்து முழங்கையில் கிழிந்துவிட்டது. துணியும் நைந்த துணி. இன்னொரு கிழிசலை அது தாங்காது.

* முதலில் இவனைத் திருப்பூருக்கு வேலைக்கு அனுப்பியிருந்தேன். ஆள் உயிரோடு இருந்தால் சட்டைக்கு என்ன கனம் இருக்கிறது? அதனால் என் வசதிக்காகக் கொன்றுவிட்டேன். செல்வமாரியிடம் கேட்கவில்லை.

3

மிஷினில் இரண்டு திருகுசக்கரங்கள். ஒன்றில் ஒன்பது வரை எண்கள். இன்னொன்றில் படங்கள்: நேர்கோடு, ரம்பப் பல், அலை, இலை, வாத்து.

முதலில் நேர்கோட்டில் வைத்துப் பழந்துணியில் ஓட்டிப் பார்த்தார்கள். மிதிகட்டையில் கால் பட்டதும் மிஷின் பறந்தது. செல்வமாரி காலை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

"ஏட்டி, என்னா ஓட்டம் ஓடுது. சட்டைய வச்சா தின்னுட்டுல்லா போயிரும்."

"இந்த நம்பரக் குறைச்சிப் பாப்பம். ஃபேன் ரெகுலேட்டர் மாதிரிதான இருக்கு," என்று பாத்திமுத்து எண்ணை ஒன்றுக்குத் திருப்பினாள்.

வேகம் குறையவில்லை. துணியைப் புரட்டினால் அடியில் நூல் வளையம் வளையமாகத் தொங்கியது. [அது நூலின் இறுக்கத்துக்கான சக்கரம். நான் யூடியூபில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அவர்களிடம் சொல்லத்தான் வழியில்லை.] எண்ணைப் பழையபடி நடுவில் கொண்டுவந்து வைத்தார்கள்.

செல்வமாரி படங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் தெளிந்தது.

"இங்கன பாரு. அவிய டிராக்டர்ல, கைப்பிடி பக்கத்துல ஆமையும் முயலும் வரைஞ்சிருக்கும். ஆமைப் பக்கம் தள்ளுனா மெதுவாப் போவும், முயல் பக்கம்னா வேகம். ஒருநாள் என்னய மேல ஏத்தி உக்கார வச்சி அவியதான் காமிச்சாவ. இதுல வாத்து போட்டிருக்கான்."

"வாத்து மெதுவாத்தான நடக்கும்," என்றாள் பாத்திமுத்து.

"அதான் சொல்லுதேன்."

வாத்துக்குத் திருப்பினார்கள். இந்தத் தடவை பழந்துணியில் ஓட்டிப் பார்க்கவில்லை. சோலைச்சாமி சொல்லிக்கொடுத்தது தப்பாக இருக்காது என்று அவளுக்கு அத்தனை நம்பிக்கை. உள்ளே ஒட்டுத்துணி வைத்து, சட்டையை ஊசிக்கடியில் கொடுத்து மிதித்தாள். முன்னும் பின்னும் அசைந்து அசைந்து துணி நிஜமாகவே மெதுவாக நகர்ந்தது.

"பாத்தியா," என்றாள்.

4

தைக்கத் தெரிந்தவள் தையலைப் பார்க்க மாட்டாளா என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன். இந்த இடத்தில் மூன்று தாளைக் கிழித்தேன்.

அவள் ஊசியைப் பார்க்கவில்லை. துணி இன்னும் கிழிந்துவிடக்கூடாது என்று கிழிசலின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மனது டிராக்டரின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. ஆமைப் பக்கம் தள்ளிவிட்டு ஒருவன் அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறான். அந்தச் சிரிப்பை நானும் விட்டுவர முடியாமல் இரண்டு பத்தி எழுதினேன். (எடுத்துவிட்டேன். அது அவளுடையது.)

சட்டையை வெளியே இழுத்தபோது முழங்கையில் வாத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன.

5

முடிவு அ: அவள் குலுங்கிக் குலுங்கி அழுகிறாள். (அழவைப்பது சுலபம். வேண்டாம்.)

முடிவு ஆ: தையலைப் பிரிக்கிறாள், சட்டை நார் நாராகக் கிழிகிறது. (பஸ்ஸில் நான் பார்த்தது பொய்யா?)

முடிவு இ:

பாத்திமுத்து பிளேடை எடுத்தாள். "பிரிச்சிருவமா?"

செல்வமாரி பிளேடை வாங்கினாள். கடைசி வாத்தின் வாலில் தொங்கிய நூலை மட்டும் நறுக்கினாள். சட்டையை மடியில் விரித்து, வாத்துகளின் மேல் விரலை ஓட்டினாள். பிறகு வாய் திறந்தாள். பேச்சு பாத்திமுத்துவிடம் இல்லை, சட்டையிடம்.

"இங்கேருங்க," என்றாள். "நீங்க சொன்னபடிதான வச்சேன்..."

திட்டினாளா, சிரித்தாளா, வேறு ஏதாவது கேட்டாளா? பல நாள் முயன்று பார்த்துவிட்டேன். இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. ஒருவேளை என் முன்னால் அவள் பேசமாட்டாளோ என்னவோ.

பாத்திமுத்து டீ போடுகிறேன் என்று எழுந்து உள்ளே போய்விட்டாள். நானும் போகிறேன். நீங்கள் இருந்து கேட்டுக்கொள்ளுங்கள்.