யார் போட்ட ஆர்டர்?

'நான்கு லட்சம் கட்டாவிட்டால், இன்று 2.45-க்கு உங்கள் அடமானப் பங்குகள் விற்கப்படும்.'

போனில் வந்த செய்தியை அமராவதி இரண்டு முறை படித்தாள். எந்த அடமானம்? அண்ணாமலை நகர் பல்கலைக்கழகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள். மாதக் கடைசியில் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். அந்தப் பங்குகளை விற்றுத்தான் சிதம்பரத்தில் சின்னதாக ஒரு வீடு வாங்க இருந்தாள்.

திருப்பாதிரிப்புலியூரில், பங்கு ஏஜென்ட் கலைமணியின் அலுவலகத்துக்குள் அவள் நுழைந்தபோது மணி 2.20.

முதலில் மழுப்பினான். பிறகு கக்கினான். போன மாதம் 'அப்டேட்' என்று சொல்லி அவளிடம் வாங்கிய ஓடிபி, பங்குகளை அடமானம் வைக்கத்தான். அதைக் காட்டி, அவள் பெயரில், அதிகம் கைமாறாத ஒரு கம்பெனியின் ஆப்ஷன்களை, அதாவது அதன் பங்கைக் குறித்த விலைக்குத் தருவதாகச் சொல்லும் ஒப்பந்தங்களை, விற்றிருந்தான். அந்தக் கம்பெனியின் பங்கு விலை எகிறிவிட்டது. விற்றதைத் திரும்ப வாங்கினால்தான் நஷ்டம் நிற்கும். அவற்றை விற்கத்தான் சந்தையில் ஆளே இல்லை. அவள் கட்டாத பணத்தைத் தரகு நிறுவனம் கட்ட வேண்டிவரும். அப்போது அவளுடைய அடமானப் பங்குகளில்தானே கை வைப்பார்கள்?

வியாபார ரசீது ஒன்றுகூடத் தனக்கு வரவில்லையே என்றாள். கணக்கு தொடங்கும்போதே அவளுடைய மெயிலுக்குப் பதில் தன் மெயிலை எழுதிக்கொண்டானாம். எல்லோருக்கும் அப்படித்தானாம்.

"நீங்க சொல்லித்தான் போட்டேன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்கக்கா. பணத்த நான் கட்டிடறேன்."

"பண்ணது நீ. பொய்க் கையெழுத்து நான் போடணுமா?"

தரகு நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தை ஸ்பீக்கரில் பிடித்தாள். அவள் போனில் சொல்லிப் போட்ட ஆர்டர் என்றுதான் பதிவாகியிருக்கிறதாம். ஏஜென்டே மறுத்தால் ஒழிய விற்பனை நிற்காதாம்.

மணி 2.38.

காத்திருந்த மூன்று வாடிக்கையாளர்கள் பக்கம் திரும்பினாள்.

"உங்க ரசீதெல்லாம் யாரு மெயிலுக்குப் போவுதுன்னு இவன கேட்டீங்களா?"

அவர்களில் ஒருவரான பரங்கிப்பேட்டை நவ்ஷாத் எழுந்து மேசைக்கே வந்துவிட்டார். "என்னா தம்பி, என் கணக்குலயும் ஒன் மெயில்தானா?"

மற்ற இருவரும் நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது. அமராவதி, இன்னும் லைனில் இருந்த போனைக் கலைமணியின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"சொல்லு."

"நான்தான் போட்டேன். அவுங்க சொல்லல."

2.43. விற்பனை நிறுத்தப்பட்டது. அந்த ஆப்ஷன்களும் நஷ்டமும் கலைமணியின் தலையில் விழும் என்றது போன்.

"அதான் முடிஞ்சிதேக்கா. இத்தோட விட்ருங்க" என்றான் கலைமணி, குரலைத் தாழ்த்தி.

"எனக்கு முடிஞ்சிது. இவுங்களுக்கு?"

தலைமை அலுவலக எண்ணை, மூன்று பேரும் எழுதிக்கொள்ளும் வேகத்தில், ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லத் தொடங்கினாள்.