கியர் பாக்ஸுக்கு அடியில்

…டங் இல்லை, டொக் என்றும் சொல்லிவிட முடியாது, இரண்டுக்கும் நடுவில் ஒன்று, மரப்பெட்டிக்குள் சுத்தியலைப் போட்டுப் பெட்டியைச் சாய்த்தால் வருமே அது, அதை இந்த மெக்கானிக் தம்பிக்கு மூன்றாவது தடவையாக வாயால் செய்து காட்டுகிறேன், அவன் கைத்துணியில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே கேட்கிறான், அக்கா நீங்க போடுற சத்தம் வண்டி போடுறதைவிட நல்லா இருக்கு, இன்னொரு தடவை போடுங்க என்கிறான், எனக்குச் சிரிப்பும் வருகிறது எரிச்சலும் வருகிறது, ஏன் தம்பி, போன வாரம் பின்சக்கரத்துக்குப் போற தண்டோட கிராஸைத்தானே மாத்தினே, அதோட போயிடும்னு சொன்னியே? சொன்னேன்தான் அக்கா, கிராஸ்ல ஆட்டம் இருந்துச்சு, மாத்தினேன், ஆட்டம் போயிடுச்சு, சத்தம் போகலையே நான் என்ன பண்ண. நியாயம்தான். ஆட்டம் வேறு, சத்தம் வேறு. அப்படியென்றால் எது எங்கேயிருந்து வருகிறது? முதல் கியரில் கிளட்சை விடும்போது ஒன்று, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது இன்னொன்று, ரிவர்ஸில் போட்டால் கேட்கவே வேண்டாம், வண்டிக்கு அடியில் யாரோ உட்கார்ந்துகொண்டு நான் எப்போது காலைத் தூக்குவேன் என்று காத்திருந்து ஓங்கித் தட்டுகிற மாதிரி… காலைத் தூக்கும்போது. பார், நானே சொல்கிறேன். அவர் சொல்வதைத்தான் நானும் சொல்கிறேன்.

உன் காலு. அவ்வளவுதான் அவர் சொல்வது. வீட்டுக்காரர் தீர்ப்புச் சொன்னால் இரண்டு வார்த்தைக்கு மேல் போகாது, ஏன் என்று கேட்டால்தான் நீளும். நான் ஓட்டினப்ப இந்தச் சத்தம் இருந்துச்சா? நீயும் ஆறு மாசம் ஒழுங்காத்தானே ஓட்டினே, இப்பப் பழகிப்போச்சு, பழகினா காலுக்குத் திமிர் வந்துடும், டப்புன்னு எடுக்குறே. மடியில் வைத்த கண்ணாடித் துண்டைத் துடைத்துக்கொண்டே, நிமிராமல். எட்டு மாதத்துக்கு முன் ஏணியிலிருந்து விழுந்தவருக்கு இடது முட்டி மடங்குவதில்லை, கிளட்சை மிதிக்க முடியாது, கடையில் கண்ணாடி அறுப்பதோடு சரி, அறுத்ததை இந்தச் சின்ன லாரியில் கொண்டுபோய் இறக்குவது நான். இருபத்திரண்டு வருடம் இடதுபக்க சீட்டில் உட்கார்ந்து, பின் ஜன்னல் வழியாகக் கையை விட்டுக் கண்ணாடி நிற்கிற மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வந்தவள் ஐம்பது வயதில் இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தேன், அந்த முதல் நாள்… ஸ்டியரிங்கின் மேல் அவர் கை பட்டுப்பட்டு வழுவழுவென்று ஆகியிருந்த இடத்தில் என் கை சரியாகப் பொருந்தவில்லை, கொஞ்சம் கீழே பிடித்தால்தான் எனக்குத் தோது, அதைக் கண்டுபிடிக்கவே ஒரு வாரம். இப்போது அது என் இடம். திங்கட்கிழமை டிரைவர் வருகிறானாம். நேற்று ராத்திரி சாப்பிடும்போது சொன்னார். நான் கொண்டுபோன சலூன்காரரின் ஆளுயரக் கண்ணாடி வழியிலேயே மூலையில் கீறல் விட்டதிலிருந்தே மனுஷருக்கு மனசு சரியில்லை, சத்தம் போச்சுன்னா நீயே ஓட்டு, போகலேன்னா அவன் ஓட்டட்டும், கண்ணாடி உன் காலுக்காகக் காத்துக்கிட்டு இருக்காது. இன்றைக்குச் சனிக்கிழமை. நாளைக்கு இந்தப் பட்டறை திறக்காது. ஆக இருப்பது இந்தக் காலைப்பொழுது ஒன்றுதான்.

கியர் பாக்ஸை இறக்கிப் பாத்துடலாம் அக்கா, நாலு நாள் ஆகும் என்கிறான். நாலு நாளா? நாலு நாளில் டிரைவர் வந்து உட்கார்ந்து, சீட்டைத் தன் காலுக்குத் தள்ளி வைத்து, பாட்டுப் பெட்டியும் மாட்டிவிடுவான். இறக்காமப் பாக்க வழியே இல்லையா தம்பி? டாக்டர்கூட வயிற்றைக் கிழிக்கிறதுக்கு முந்தி அமுக்கிப் பாக்குறாரே. அவனுக்கு அது பிடித்துவிட்டது, சரி அமுக்கிப் பாப்போம் என்று என்னை ஓட்டச் சொல்லிவிட்டுத் தான் பின்னால் ஏறிக் குத்தவைத்து உட்கார்ந்தான், உள்ளங்கையைத் தரைத் தகட்டில் ஒட்டிக்கொண்டு தெருமுனைவரை வந்தான், எனக்கு இங்க அதிருது என்றான், எங்க என்றால் நடுவுல என்றான், எனக்கு ஆச்சரியம், ஏனென்றால் சத்தம் எனக்கு முதுகுக்குப் பின்னாலிருந்து வருவதாகத்தான் இத்தனை நாள் தோன்றியது, அவனுக்கு முன்னாலிருந்து. அப்படியென்றால் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில். சத்தம் எங்கே கேட்கிறதோ அங்கேதான் இருக்கும் என்று யார் சொன்னது? நம் வீட்டிலேயே மாடியில் பாத்திரம் விழுந்தால் சமையலறையில் விழுந்த மாதிரிதானே… அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. தம்பி, நீ மேல உக்காரு, கிளட்சை நீ விடு, நான் கீழ போய்ப் பாக்குறேன். அக்கா அது பள்ளம், எண்ணெய், புடவையெல்லாம் வீணாயிடும். புடவை என் புடவைதானே, நீ ஏறு.

பட்டறைக்குத் திரும்பி, பழுது பார்க்கிற பள்ளத்துக்கு மேல் வண்டியை நிறுத்துகிறோம், பள்ளத்துக்குள் ஏழு படி. இறங்கினால் மேலே வண்டியின் வயிறு. இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட நான் இதைப் பார்த்ததில்லை என்பது எவ்வளவு அதிசயம், மேலே உட்கார்ந்தே பாதி ஆயுள் போயிருக்கிறது, கீழே இவ்வளவு அழுக்கும் குழாயும் கம்பியுமாக ஒன்று உழைத்துக்கொண்டே இருந்திருக்கிறது, ஒரு நாள் எட்டிப்பார்த்து எப்படி இருக்கே என்று கேட்டதில்லை. சக்கரத்துக்கெல்லாம் கட்டை வைத்திருக்கிறான், கைபிரேக்கை இழுத்திருக்கிறான், கால்பிரேக்கையும் மிதிச்சிருக்கேன் பயப்படாதீங்க என்று மேலேயிருந்து கத்துகிறான், முதல் கியர் போட்டுக் கிளட்சைக் கொஞ்சமாக விடுகிறான். இன்ஜின் முனகுகிறது. காத்திருக்கிறேன். ஒன்றுமில்லை. ரிவர்ஸ் போடு. போட்டான், விட்டான். ஒன்றுமில்லை. மறுபடியும். ம்ஹூம். அவன் காலுக்கு வரவில்லை. அவர் காலுக்கும் வரவில்லை. எனக்கு மட்டும்தான் வருகிறது. அப்படியென்றால் அவர் சொன்னதுதானா? திங்கட்கிழமை காலையில் நான் எங்கே உட்காருவேன், அந்த டிரைவருக்குப் பக்கத்தில், கையைப் பின்னால் விட்டுக்கொண்டா? அழுகை வரும்போல இருந்தது, பள்ளத்துக்குள் நின்று அழுதால் யாருக்குத் தெரியப்போகிறது, ஆனால் அழுகைக்கு முன்னால் இன்னொன்று வந்துவிட்டது, அதென்னவோ எனக்கு எப்போதும் அப்படித்தான், சாவு வீட்டில்கூட எப்படி ஆச்சாம் என்று கேட்காமல் இருக்க முடிந்ததில்லை… என் கால் அப்படி என்னதான் செய்கிறது? ஒரு கால் வண்டிக்குள் சத்தத்தை வைக்குமா? கால் தட்டலாம், ஆனால் தட்டினால் சத்தம் போட அங்கே ஒரு பொருள் இருக்க வேண்டுமே? தம்பி! என்னைய மாதிரி விடு! உங்களை மாதிரின்னா? ஒரேயடியா விடு, சண்டை போட்டுட்டுக் கதவைச் சாத்துற மாதிரி! சிரிப்பது கேட்டது. விட்டான்.

என் முகத்துக்கு நேரே கியர் பாக்ஸின் வால்பக்கம் எழும்பியது. ஆமாம், எழும்பியது, தூங்குகிற ஆள் கனவில் திடுக்கிடுகிற மாதிரி இரண்டு விரல் உயரத்துக்கு எழும்பி, கீழே இருக்கிற இரும்புச் சட்டத்தில் விழுந்தது. டங்குக்கும் டொக்குக்கும் நடுவில் ஒன்று. இதுதான்! இதுதான் தம்பி, வா, நிறுத்திட்டு வா! அவன் இறங்கி வந்து விளக்கைக் காட்டினான், இந்தப் பெட்டி நேராக இரும்பில் உட்காராதாம், நடுவில் ஒரு ரப்பர் கட்டை இருக்குமாம், அது இரண்டாகப் பிளந்து கிடக்கிறது, மெதுவாக விட்டால் பெட்டி மெதுவாக எழும்பி மெதுவாக உட்காரும், சத்தம் வராது, டப்பென்று விட்டால் குதிக்கும். அப்ப என் காலு இல்லையே? கால் இல்ல அக்கா, உங்க கால் சொல்லிக் கொடுத்துச்சு, அவ்வளவுதான். அட, இது என்ன? ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினான். பிளந்த ரப்பருக்கும் சட்டத்துக்கும் நடுவிலிருந்து கறுப்பாக, எண்ணெயில் ஊறிக் களியாக, நாலாக மடித்த ஒரு பட்டை வந்தது. யாரோ முட்டுக் கொடுத்து வெச்சிருக்காங்க, இது வண்டிச் சாமானே இல்ல, இது என்ன ரப்பர்னே தெரியலையே அக்கா என்றான். அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஜன்னல் சட்டத்தில் கண்ணாடியைப் பொருத்தும்போது சுற்றிலும் கொடுக்கிற ரப்பர். கடையில் சுருள் சுருளாக ஆணியில் தொங்குகிறது. முனைகள் சாய்வாக அறுத்திருந்தன, மூலைக்கு மூலை பொருந்துகிற சாய்வு, அவர் எதை அறுத்தாலும் அப்படித்தான், குளிக்கிற சோப்பைப் பாதியாக்கினால்கூட.

எப்ப வெச்சிருப்பாங்க தம்பி என்று கேட்டேன். வெந்து போயிருக்கிறதைப் பாத்தா ஒரு வருஷம் இருக்கும் அக்கா, கொஞ்சம் முன்னே பின்னே. எண்ணெய்ல இந்த ரப்பர் தாங்காது, தெரியாத ஆள் யாரோ வெச்சது. தெரியாத ஆள். தட்டிப் பார்த்தே எந்தக் கண்ணாடியில் கீறல் என்று சொல்கிற காது அவருடையது, அறுக்கிற சக்கரம் போகிற கீச்சொலியிலேயே நேராக உடையுமா கோணலாக உடையுமா என்று தெரிந்துவிடும், அந்தக் காதுக்கு இந்தச் சத்தம் கேட்காமலா இருந்திருக்கும்? கேட்டிருக்கிறது. என்னிடம் சொல்லாமல் வண்டிக்கு அடியில் நுழைந்திருக்கிறார். போன வருடம் கடைசியில் கொஞ்ச நாள் அவர் ஓட்டின லட்சணம் இப்போது ஞாபகம் வருகிறது, கிளட்சை விடுவதற்குள் பின்னால் வருகிறவன் ஹாரனை அடித்து ஓய்ந்துபோவான், எறும்பு நம்மளை முந்திக்கிட்டுப் போகுது பாருங்க என்று நான் கிண்டல் செய்தேன், கண்ணாடி இருக்குல்ல என்றார். அன்றைக்கு வண்டியின் பின்னால் கண்ணாடியே இல்லை, இறக்கிவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தோம், அது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. அப்படியானால் முட்டுக் கொடுத்தது அதற்கப்புறமா? நான் லைசென்ஸுக்குப் போய்க்கொண்டிருந்த மாதமா? அவர் ஏணியிலிருந்து விழுவதற்கு முன்பே நான் கற்றுக்கொள்ள ஆரம்பித்திருந்தேன், வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை. ஆறு மாதம் ஒழுங்கா ஓட்டினே. வண்டி என் கைக்கு வந்த பிறகும் ஆறு மாதம் அந்த ரப்பர் தாங்கியிருக்கிறது. ஏழாவது மாதம் களியாகிவிட்டது, அந்த மாதத்தில்தான் என் காலுக்குத் திமிர் வந்தது. ஓஹோ.

கோபம் வர வேண்டும். வரும் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன், புது ரப்பரை அவன் முடுக்குகிறவரை பட்டறை வாசலில் நின்று பார்க்கிறேன், வரவில்லை. பழசை இங்கயே போட்டுடவா அக்கா என்றதற்கு, போடு தம்பி என்றுதான் சொன்னேன். திரும்பி வரும் வழியில் வேண்டுமென்றே காலை டப்டப்பென்று எடுத்துப் பார்க்கிறேன், ஒன்றுமில்லை, சத்தமே இல்லாத வண்டி யாருடையதோ மாதிரி இருக்கிறது. என்ன சொல்லலாம்? ஏங்க, உங்க கண்ணாடி ரப்பர்தான் உள்ள இருந்துச்சு. சொன்னால் என்ன ஆகும்? கண்ணாடி உடைஞ்சுபோச்சுன்னு யார்கிட்ட வேணும்னாலும் சொல்லுவேன், நான் கொடுத்த முட்டு நழுவுச்சுன்னு மட்டும் என் வாயால வராது என்று ஒரு தடவை கடைக்கு வந்த ஆளிடம் பெருமையடித்தவர். அதனால்தானா என் காலின் மேல் போட்டார்? இல்லை, அந்த ரப்பர் போயிருக்கும் என்று அவருக்கே தெரியாதா, தன் முட்டு நழுவும் என்று நினைக்கவே முடியாமல் மிச்சமிருந்த ஒன்றே ஒன்றை, என் காலைச் சொன்னாரா? எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்தால், அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிந்ததும் அவருக்குத் தெரிந்துவிடும்… சை, சிக்னல் விழுந்ததுகூடத் தெரியவில்லை, பின்னால் ஹாரன் அடிக்கிறான்.

கடை வாசலில் ரிவர்ஸ் எடுத்து நிறுத்துகிறேன். சத்தமில்லை. உள்ளே மேஜைமேல் விரித்த கண்ணாடியில் சக்கரம் கீச்சென்று போய்க்கொண்டிருக்கிறது, பாதியில் நிற்கிறது. கோடு போடும்போது பாதியில் கையை எடுக்கவே கூடாது, எடுத்தால் அந்தக் கண்ணாடி அவ்வளவுதான், இஷ்டத்துக்கு உடையும். எடுத்துவிட்டார். நான் உள்ளே போகிறேன், என்னவாம் என்கிறார். ரப்பர் போயிருந்துச்சாம், கியர் பாக்ஸுக்கு அடியில, புதுசு போட்டாச்சு. ம். அவ்வளவுதான். எந்த ரப்பர் என்று கேட்கவில்லை. ஒரு திருகாணி மாற்றினாலும் எது, எந்தப் பக்கம், என்ன அளவு என்று குடைகிற மனுஷர், எந்த ரப்பர் என்று கேட்கவில்லை. என் புடவையில் எண்ணெய்க் கறை முழங்கால்வரை இருக்கிறது, அதைப் பார்க்கிறார், பள்ளத்துல இறங்கினியா என்று கேட்கிறார். இறங்கினேன். சக்கரத்தைக் கீழே வைக்கிறார். அந்த டிரைவர் பயலை வர வேண்டாம்னு சொல்லிடறேன் என்கிறார், திங்கட்கிழமை பள்ளிக்கூடத்து ஜன்னலுக்குப் பன்னிரண்டு கண்ணாடி, சீக்கிரமாப் போயிடு. என் இடம் எனக்கு வந்துவிட்டது. துள்ளிக் குதித்திருக்க வேண்டியவள் நிற்கிறேன், யாருக்காக வைத்தார், தன் காலுக்காகவா, வரப்போகிற என் காலுக்காகவா, அந்த நாலு மடிப்பில் அது எழுதியிருக்கவில்லையே, இப்போது கேட்டால் சொல்லிவிடுவார், இப்படி இளகியிருக்கும்போது கேட்டால் சொல்லிவிடுவார் என்று தோன்றுகிறது, வாயைத் திறக்கிறேன், கோடு பாதியில நின்னது இனிமே ஆகாது, வேற எடுக்கணும், அந்தப் பக்கம் பிடி என்கிறார் அவர், இடது காலை நீட்டியபடியே நிமிர்ந்து புதுக் கண்ணாடிப் பலகையின் ஓரத்தில் கையை வைத்துவிட்டார், நானும் என் பக்கம் பிடிக்கிறேன், கண்ணாடி தூக்கும்போது ரெண்டு பேரும் பேசக்கூடாது, பேசினால் மூச்சு மாறும், மூச்சு மாறினால் பிடி மாறும், இருபத்திரண்டு வருடமாக அதுதான் இங்கே சட்டம், ஒண்ணு, ரெண்டு என்கிறார், தூக்குகிறோம், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் முகம் இவ்வளவு தெளிவாகத் தெரிகிறது, அவருக்கும் என் முகம் தெரியும்தானே…